மண்வள அட்டையில் இல்லாத கணக்கு: கோவை வயல் 1909-லிருந்து சொல்வது என்ன?

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு வயல் இருக்கிறது. அதில் ஒரு பாத்திக்கு 1909-லிருந்து கைப்பிடி உரம்கூட போட்டதில்லை. பக்கத்துப் பாத்திக்கு தழைச்சத்து மட்டும். இன்னொன்றுக்கு தழை, மணி, சாம்பல் மூன்றும். வேறொன்றுக்கு வெறும் தொழுவுரம். மறந்துபோய் விட்டதில்லை, வேணும்னே விட்டது. இதுதான் நிரந்தர உரப் பரிசோதனை. பல்கலைக்கழகமே 1971-ல்தான் உருவானது. சோதனை அதற்குத் தாத்தா வயசு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843-ல் தொடங்கிய கோதுமை வயல் இதைவிட மூத்தது.

நூறு வருஷம் கழித்து இந்த மண்ணில் இருக்கும் உயிரைக் கணக்கெடுத்தார்கள். தொழுவுரப் பாத்தியில் கரிமச்சத்தும் நுண்ணுயிர்களின் மொத்த எடையும் அதிகம், நொதிகளின் வேலையும் அதிகம். ஒண்ணுமே போடாத பாத்தி கடைசி. மூன்று சத்தையும் சமமாகப் பெற்ற ரசாயன உரப் பாத்தி நடுவில் நின்றது.

"யூரியா போட்டா மண்ணு செத்துப் போயிருமுங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் செய்தி இங்கேதான் கொஞ்சம் சறுக்குகிறது. சத்து கிடைத்தால் பயிர் தழைக்கும், வேர் பெருகும். வேரிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று நுண்ணுயிரும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சாணம் போட்ட மண்ணை அது எட்டிப் பிடிக்கவில்லை. நுண்ணுயிருக்குத் தீனி கரிமம். அது உர மூட்டையில் வருவது சொற்பம்.

இது கொங்கு விவசாயியின் பையிலேயே கை வைக்கிற விஷயம். கோவை வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் மண்ணோடு சுண்ணாம்பு கலந்திருக்கும். காசு கொடுத்து வாங்கிப் போடும் டிஏபியின் மணிச்சத்தில் பெரும்பங்கு அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். மண்ணுக்குள்ளேயே கிடக்கும், பயிருக்கு எட்டாது. பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து அதைக் கரைக்கிறது. மைக்கோரைசா என்ற பூஞ்சை, வேர் நுழையாத இடுக்குகளுக்கும் தன் இழையை நீட்டி அதை எடுத்து வருகிறது. கூலி, செடி தயாரிக்கும் சர்க்கரை.

அரசு 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையைப் பாருங்கள். 12 அளவுகள் இருக்கும். நுண்ணுயிருக்கு அதில் ஒரு கட்டம்கூட கிடையாது. கரிமச்சத்து என்ற வரி மட்டும் ஒரு ஜாடை காட்டும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு', அதாவது உள்ளே இருப்பவை பட்டினி.

அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டி போடும் பழைய வழக்கம் இந்தப் பட்டினிக்குத்தான் மருந்து. புழுக்கையும் மூத்திரமும் நேரே நிலத்தில் விழும், வண்டிக்கூலி மிச்சம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் மாடும் ஆடும் சேர்ந்து இதே வேலையைத்தான் வருஷம் முழுக்கச் செய்கின்றன.

மாடு இல்லாதவர்கள் 200 கிராம் உயிர் உரப் பொட்டலத்தை நம்புகிறார்கள். எக்டேருக்கு 10 பொட்டலத்தை 25 கிலோ தொழுவுரத்தோடு கலந்து போடச் சொல்கிறது பல்கலைக்கழகம். அந்தத் தொழுவுரம் சும்மா பேருக்கு இல்லை, தீனி அதுதான். யூரியாவோடு கலந்தால் உள்ளிருப்பவை செத்துவிடும். காலாவதித் தேதியைப் பார்க்கணும். கடை வாசல் வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் வாங்கவே வேண்டாம்.