மருதமுனையில் துணி வாங்கப் போகிறீர்களா?

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே போனால், பாண்டிருப்பு தாண்டியதும் மருதமுனை. கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். 2004 டிசம்பர் சுனாமி புரட்டிப் போட்ட பிறகும் இங்கே தறிச் சத்தம் ஓயவில்லை.

போர்வைக்கோ கட்டில் விரிப்புக்கோ துணி எடுக்கப் போனால், விலையைக் கேட்க முன் துணியின் ஓரத்தைப் பாருங்கள். கைத்தறி போல, ஊடுநூலைச் சுமந்து நாடா ஓடும் தறியில் அந்த நூல் கரையில் திரும்பி மறுபடி உள்ளே வரும், ஓரம் மூடியிருக்கும். நாடா இல்லாத புதிய ஆலைத் தறிகளில் நூல் பெரும்பாலும் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் பிசிறாக நிற்கும். அடுத்து, துணியைப் புரட்டிப் பாருங்கள். நூலுக்கே சாயம் தோய்த்து நெய்த கட்டம் இரண்டு பக்கமும் ஒரே நிறம் காட்டும். மேலே அச்சடித்தது என்றால் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்திருக்கும்.

நல்ல கடைக்கு அடையாளம் எது? என்னைக் கேட்டால், துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்க விடும் கடைதான். டியூப்லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கவும் நல்ல முதலாளி மறுக்க மாட்டார்.

துண்டுத் துணிகளும் மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கலாம். ஆனால், பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே தையல் சுருண்டு கொள்ளும்.