வலியே, வாழ்க!

காலில் ஒரு நெருஞ்சி முள் தைத்துவிட்டால் நாம் என்ன பாடு படுகிறோம்! நொண்டுகிறோம், வீட்டிலுள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு ஊசி கொண்டுவரச் சொல்கிறோம். வலியே தெரியாத கால் ஒன்று கிடைத்தால் எவ்வளவு சௌகரியம் என்றுகூடத் தோன்றுகிறது.

அந்தச் சௌகரியம் எப்படிப்பட்டது என்பதை வேலூரில் கேட்க வேண்டும்.

1946-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான்; ஆனால் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்! தொழுநோயாளியின் காலில் புண் வந்தால் ஆறவே ஆறாது, அந்தச் சதையே கெட்ட சதை என்பது அக்காலத்தில் வைத்தியர்கள் பலருடைய அபிப்பிராயம். பிராண்ட் புண்ணை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று கவனித்தார். ரகசியம் வெளிப்பட்டது. கிருமி நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. பிறகு சுடுமணலும் தெரியாது, செருப்பில் துருத்திய ஆணியும் தெரியாது. நமக்குப் பாதத்தில் கொப்புளம் வந்தால் காலை மாற்றி ஊன்றி நடக்கிறோம் அல்லவா? அவர் நொண்டுவதில்லை. புண்ணின் மேலேயே மைல் கணக்கில் நடந்துவிடுகிறார்!

ஆகவே காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் ஏற்கெனவே கையாண்ட முறைதான் இது. உடம்பின் பாரம் புண்ணை அழுத்தாமல் பாதம் முழுவதும் பரவியது. வருஷக் கணக்கில் ஆறாத புண்கள் வாரக் கணக்கில் ஆறின.

கட்டைப் பிரித்த பிறகு? மறுபடி நடக்கத்தானே வேண்டும்! பக்கத்திலேயே ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோல் பதனிட்டுக் கொண்டிருக்க, செருப்புக்கா பஞ்சம் என்பீர்கள். ஆனால் இந்தக் காலுக்குக் கெட்டித் தோல் உதவவில்லை. வேலூரிலும், காட்பாடிக்கு அருகே 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் ஆராய்ந்து, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரைப் பிடித்தார்கள். அடியில் கெட்டி ரப்பர், மேலே இந்த மெத்தை, குதிகாலுக்குப் பின்னே ஒரு வார். ஆணி மட்டும் கூடவே கூடாது; பசையும் தையலும்தான்.

பிராண்டுக்கே ஒரு சோதனை வந்தது. நீண்ட ரயில் பிரயாணத்துக்குப் பின் லண்டனில் காலுறையைக் கழற்றினால், குதிகாலில் உணர்ச்சி இல்லை! ஊசியால் குத்தினார், தெரியவில்லை. தமக்கும் நோய் தொற்றிவிட்டதென்று இரவெல்லாம் தவித்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். "ஆ!" என்று அலறினார். அவ்வளவு ஆனந்தமாக அலறியவர் வேறு யாரும் இருக்க மாட்டார். ரயிலில் உட்கார்ந்த உட்காரில் நரம்பு அமுங்கி மரத்திருந்தது, அவ்வளவே.

தொழுநோய் இன்று கூட்டு மருந்துகளால் குணமாகிவிடும். ஆனால் அதே மரத்த காலைச் சர்க்கரை வியாதி வீடுதோறும் கொண்டுவருகிறது. அதே மெத்தை ரப்பர்ச் செருப்பு இப்போது அவர்களுக்கும் உதவுகிறது. கணுக்கால் சுளுக்கி வலித்தால் காலை உயர்த்தி வைத்து ஓய்வு கொடுங்கள். தைலத்தைத் தடவிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். வலிக்காத புண்ணானால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெந்நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூடு பார்க்கட்டும். செருப்பைத் தட்டிப் போடட்டும். இரவில் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பார்த்துக் கொள்ளட்டும். தாத்தாவுக்குக் கண் மங்கலென்றால், பேரன் பார்த்துச் சொல்லலாமே!