அட்டைக்குள் இருக்கும் சாட்சி

மலேசியாவிலே பன்னிரண்டு வயது நிரம்பிய குடிமகன் தன் பெயரில் முதன்முதலாக ஓர் அடையாள அட்டையைப் பெறுகிறான். 2001-ஆம் ஆண்டில் அறிமுகமான ‘மைகாட்’ என்னும் அவ்வட்டையின் முகத்தில் பெயரும் நிழற்படமும் உள்ளன. இவை கண்ணுக்குத் தெரியும் சாட்சிகள். கண்ணுக்குத் தெரியாத சாட்சி ஒன்றும் உண்டு. அதுவே மின்னணுச் சில்லு. பெருவிரல் ரேகையின் குறிப்பைத் தாங்கி, ‘இவ்வட்டைக்கு உரியவர் இவரே’ என்று கருவிக்கு உரைப்பது அது.

அட்டையின் மேல் மின்னும் பொன்னிறத் தகட்டையே சில்லு என்று பலர் எண்ணுகின்றனர். தகடு வாயில் மட்டுமே. அதன் பின்புறத்தில், சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிக்கன் துண்டாகச் சில்லு பதிந்திருக்கிறது. தலைமயிரினும் மெல்லிய கம்பிகள் அதனைத் தகட்டோடு இணைக்கின்றன. இத்தகைய அட்டைகளின் தடிமனோ ஏறத்தாழ 0.76 மில்லிமீட்டர்தான், அதற்குள் இவ்வளவும் அடங்கியாக வேண்டும்!

பிளாஸ்டிக் வளையும்; சிலிக்கனோ கண்ணாடியைப் போல் முறியும். அட்டையைக் காற்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு அமர்வது தீங்காவது இதனாலேதான். ஒரு நாளில் ஒன்றும் நேராதிருக்கலாம். நாள்தோறும் வளைந்து நிமிர்ந்தால், ஒருநாள் கம்பி அறும். அன்றேல் சில்லே விரிசல் காணும்.

அடுத்த பகை வெப்பம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அட்டையை விட்டுச் சென்றால், பிளாஸ்டிக் நெளிந்து தகடு பெயரக்கூடும். சாவிகளோடும் நாணயங்களோடும் கலந்து வைத்தால் தகடு கீறலுறும். கழுத்தில் தொங்கவிடுவதற்காக அட்டையில் துளையிடுதலும் தகாது. சில வகை அட்டைகளின் உள்ளே கம்பிச் சுருள் ஓடுகிறது, துளை அதனைத் துண்டித்துவிடும்.

காந்தத்துக்குப் பலர் அஞ்சுகின்றனர். கறுப்புக் காந்தப்பட்டை உள்ள அட்டைகளுக்கே அவ்வச்சம் பொருந்தும். சில்லிலே செய்தி மின்னேற்றமாகப் பதிந்திருத்தலால், வீட்டில் வழங்கும் காந்தம் அதனை அழிக்காது.

அங்ஙனமாயின் செய்ய வேண்டியது யாது? வளையாத உறையில் அட்டையை இடுக. தகட்டில் அழுக்குப் படிந்தால் மென்மையான உலர்ந்த துணியால் துடைக்க, சுரண்டற்க.

முறிந்த சில்லை ஒட்டவைக்க வழியில்லை. புதிய அட்டையே பெறவேண்டும். அதுவரையில், பெயரும் படமும் பளிச்சென்று விளங்கினும், அலுவலகத்துக் கருவி நம்மை அறிந்துகொள்ளாது. சாட்சி ஊமையான பிறகு வருந்துவதினும், அது பேசுங்காலத்தே பேணுதல் எளிதன்றோ?