மெழுகுவத்தியில் தொடங்குங்கள்

ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சி முடியும்போது பல வீடுகளுக்கு ஸ்டீவன் ஹாக்கிங் குடிவந்திருப்பார். 1988-இல் வெளியாகி, உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ‘காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்’ புத்தகத்தைத்தான் சொல்கிறேன். சமன்பாடு ஒன்று சேர்த்தால் விற்பனை பாதியாகக் குறையும் என்று யாரோ எச்சரிக்க, ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார் ஹாக்கிங். அப்படியும் அதைக் கடைசிவரை படித்தவரைக் காண்பது அரிது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எல்லன்பெர்க் 2014-இல் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டார். கிண்டில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட வரிகள் ஒரு புத்தகத்தின் எந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று பார்த்தால், அவர்கள் எதுவரை படித்தார்கள் என்று தோராயமாகத் தெரிந்துவிடும் அல்லவா? ஹாக்கிங்கின் புத்தகத்துக்குக் கிடைத்தது 7 சதவீதத்துக்கும் குறைவு. அந்த அளவுகோலுக்கே ‘ஹாக்கிங் குறியீடு’ என்று பெயர் வைத்துவிட்டார் மனிதர்.

இதில் வாசகர் மேல் குற்றம் இல்லை. முதல் இரண்டு அத்தியாயங்கள் நன்றாகவே போகின்றன. அதன் பிறகு கற்பனைக் காலம், எல்லையில்லாப் பிரபஞ்சம் என்று வரும்போது, ஹாக்கிங் சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது. சரிபார்க்க முடியாததை எவ்வளவு நேரம்தான் பக்தியோடு படித்துக்கொண்டிருப்பது? அறிவியலில் ஆர்வம் வந்திருக்கிறது, எதை முதலில் படிக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஒரே ஒரு சோதனையைத்தான் சொல்வேன். இந்த விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதைப் புத்தகம் காட்டுகிறதா? காட்டினால் வாங்கலாம். முடிவுகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் வைத்துவிடலாம்.

இந்தச் சோதனையில் முதலில் தேறுவது மைக்கேல் ஃபாரடேயின் ‘ஒரு மெழுகுவத்தியின் வேதியியல் வரலாறு’. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கும் சொற்பொழிவு வரிசையில், 1860-ஆம் ஆண்டு இறுதியில் ஃபாரடே ஆற்றிய ஆறு உரைகள் அவை. வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861-இல் புத்தகமாக்கினார். மின்மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வித்திட்ட மனிதர், தன் எழுபதாவது வயதை நெருங்கும்போது, சிறுவர்கள் முன்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்துவிட்டு அதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

மெழுகுவத்தி எரியும்போது உச்சியில் ஒரு சிறு கிண்ணம் போலக் குழி விழுந்து, அதில் உருகிய மெழுகு தேங்கி நிற்கும். வெளியே ஏன் வழிவதில்லை? சூடான காற்று மேலே போகிறது; அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று மெழுகுவத்தியின் பக்கங்களை உரசிக்கொண்டு ஏறுகிறது. அதனால் நடுவில் உருகினாலும் விளிம்பு உருகாமல் சுவராக நிற்கிறது. வரிவரியாகச் செதுக்கிய அலங்கார மெழுகுவத்திகளில் இந்தக் காற்று சீராக ஏறாது, கிண்ணம் ஒழுங்காக அமையாது, மெழுகு வழிந்து கொட்டும். அழகாக இருப்பதெல்லாம் நன்றாக வேலை செய்யாது என்று போகிற போக்கில் ஒரு குத்து வைத்துவிட்டுத்தான் ஃபாரடே அடுத்ததற்குப் போகிறார்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. காற்று அலையாத அறையில் மெழுகுவத்தியை மெதுவாக அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழும். எரியும் தீக்குச்சியை, திரியைத் தொடாமல், ஓரிரு அங்குலம் மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியாகக் கீழே ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரியும் அல்ல, உருகிய மெழுகும் அல்ல. மெழுகு ஆவியாகி அந்த ஆவிதான் எரிகிறது என்பது இந்த ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது. (பிள்ளைகள் செய்தால் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.) பிறகு மெழுகுவத்தியை நல்ல வெயிலில் பிடித்து, சுவரில் சுடரின் நிழலைப் பார்க்கச் சொல்கிறார். சுடரில் எந்தப் பகுதி பளிச்சென்று எரிகிறதோ அதன் நிழல்தான் மிகவும் கருப்பாக விழுகிறது! காரணம், நமக்கு வெளிச்சம் தருவதே இன்னும் எரிந்து முடியாத, தகதகவென்று ஒளிரும் கரித்துகள்கள்தான். அந்தத் துகள்களே வெயிலை மறைக்கின்றன. இப்படியே சுடரின் மேல் குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்துத் தண்ணீர் சேகரித்து, அந்தத் தண்ணீரைப் பிரித்து, கரியமில வாயுவுக்குப் போய், கடைசி உரையில் நம் மூச்சுக்கு வந்து சேர்கிறார். நம் உடம்புக்குள்ளும் ஏறக்குறைய இதே எரிதல்தான் நடக்கிறது என்பதில் முடிகிறது.

ஃபாரடே அறிவியலுக்கு வந்த கதையும் ஒரு புத்தகக் கதைதான். கொல்லர் மகன், பள்ளிப் படிப்பு அதிகமில்லை. 14 வயதில் லண்டனில் ஜார்ஜ் ரிபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டிங் செய்யும் வேலை பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். அவற்றில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய ‘வேதியியல் உரையாடல்கள்’. ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் பேசிக்கொள்வதாக அமைந்த அந்தப் புத்தகம் முதலில் வந்தபோது அட்டையில் ஆசிரியர் பெயரே இல்லை. ஃபாரடே அதைப் படித்ததோடு நிற்கவில்லை. கையில் இருந்த சொற்பக் காசுக்கு என்ன சோதனை செய்ய முடியுமோ அதைச் செய்து, புத்தகம் சொல்வது உண்மைதானா என்று பார்த்தார். உண்மை என்று தெரிந்த பிறகே அந்தப் புத்தகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இதே வேலையை ஃபாரடேயின் புத்தகம் செய்தது. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான அகிரா யோஷினோ, தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் சொல்லிப் படித்த மெழுகுவத்திப் புத்தகம்தான் தன்னை வேதியியல் பக்கம் திருப்பியது என்றார். உங்கள் செல்போனுக்குள் இருப்பது அந்த வகை பேட்டரிதான்.

அடுத்து டார்வின். ‘உயிரினங்களின் தோற்றம்’ வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். அதை வாங்கியவர்களில் பலர் முதல் அத்தியாயத்திலேயே புறாக்களிடம் மாட்டிக்கொண்டு திரும்பியவர்கள். டார்வின் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1881-இல் வந்த அவருடைய கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. அதை எடுங்கள்.

மண்புழுவுக்குக் காது கேட்குமா? வீட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் வேலை கொடுத்தார் டார்வின். ஒருவர் விசில் ஊதினார், மகன் பாசூன் என்ற பெரிய ஊதுகருவியை வாசித்தார், பியானோவும் ஒலித்தது. புழுக்கள் அசையவில்லை. ஆனால் புழுக்கள் இருந்த தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் ஓடி ஒளிந்தன. ஆக, ஒலி கேட்கவில்லை, அதிர்வு தெரிகிறது. அடுத்த கேள்வி: இலையை வளைக்குள் இழுக்கும் புழு, எந்த முனையைப் பிடித்தால் சுலபம் என்று பார்த்துப் பிடிக்கிறதா, கிடைத்த இடத்தைப் பிடிக்கிறதா? 300-க்கும் மேற்பட்ட காகித முக்கோணங்களை வெட்டி, பனியில் நனைந்து துவளாமல் இருக்கக் கொழுப்புத் தடவி, தரையில் போட்டார். இழுக்கப்பட்டவற்றில் 62 சதவீதத்தைப் புழுக்கள் கூர்முனையைப் பிடித்தே இழுத்திருந்தன. கண்ணில்லாத ஜீவன்!

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சுண்ணாம்புச் சோதனை. 1842 டிசம்பரில் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் உடைத்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பினார். 1871 நவம்பரில், 29 ஆண்டுகள் கழித்து, அங்கே குழி வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கட்டிகள் வரிசையாக ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தன. புழுக்கள் அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கொட்டக் கொட்ட, மேலே கிடந்தது கீழே போயிருந்தது. நடுவில் அவர் உலகத்தையே புரட்டிப்போட்ட ஒரு புத்தகத்தை எழுதி முடித்திருந்தார். சுண்ணாம்பு பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று கேட்கும் கல்லூரி மாணவரிடம் நான் இந்த இரண்டு பக்கத்தைத்தான் நீட்டுவேன்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்று ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு யா. பெரல்மானின் ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ நினைவிருக்கும். சோவியத் அச்சு, கெட்டி அட்டை, நம்ப முடியாத மலிவு விலை. அப்போது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் கிடைத்தது. ரஷ்ய மூலம் 1913-இல் வந்தது. பெரல்மான் 1942-இல், ஜெர்மானிய முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராடில் பட்டினியில் இறந்தார். நாவலாசிரியர்களைப் பிடித்துக் கேள்வி கேட்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. எச்.ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதன் நினைவிருக்கிறதா? அவனுக்கு உலகமே தெரியாது என்கிறார் பெரல்மான். கண் பார்க்க வேண்டுமானால் விழித்திரை ஒளியை உறிஞ்ச வேண்டும். உடம்பு முழுக்க ஒளி தடையில்லாமல் புகுந்து போய்விட்டால் உறிஞ்சுவதற்கு என்ன மிஞ்சும்? அவன் குருடனாகத்தான் இருக்க முடியும். புத்தகத்தின் சில பகுதிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வயதாகவில்லை.

சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ ஒரு தலைமுறைக்கே கேள்வி கேட்கும் கூச்சத்தைப் போக்கியது. ஆனால் கேள்வி-பதில் என்ற வடிவத்துக்கு ஒரு குறை உண்டு. பதில் கிடைத்ததும் மனம் படுத்துவிடும். அதனால் சுஜாதாவை வாயிலில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே நின்றுவிடாதீர்கள். இன்னொரு வகையும் கடைகளில் குவிந்து கிடக்கிறது: இதையெல்லாம் நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்பவை. எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை அவற்றிடம் கேட்டுப் பாருங்கள், போதும்.

தொழில்நுட்பப் புத்தகங்களின் பாடு கஷ்டம். ஐந்து வருடத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். விதிவிலக்காக ஒன்று உண்டு: சார்லஸ் பெட்சால்டின் ‘கோட்’. 1999-இல் வந்தது, 2022-இல் விரிவாக்கிய பதிப்பு. அம்மா விளக்கை அணைத்துத் தூங்கச் சொன்ன பிறகும் எதிர்வீட்டு நண்பனோடு டார்ச் லைட்டால் பேச நினைக்கும் பையனிடம் தொடங்கி, மோர்ஸ், பிரெய்ல், தந்தி ரிலே என்று படிப்படியாக ஏற்றி, கடைசியில் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே காகிதத்தில் கட்டிக் காட்டிவிடுகிறது.

இதைப் படிப்பதற்கு முன் உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், ஒரே பல்பு. எலக்ட்ரீஷியன்கள் டூ-வே என்பார்கள். இரண்டும் கீழ்நோக்கி இருக்கும்போது பல்பு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒன்றை மேலே தள்ளினால் எரியும். இரண்டையும் தள்ளினால் அணைந்துவிடும். இரும எண்களில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் ‘10’. அதாவது கடைசி இலக்கம் பூஜ்யம், ஒன்று பாக்கி மேலே போகும். அந்தக் கடைசி இலக்கம் நடந்துகொள்வது அப்படியே மாடிப்படி பல்பைப் போலத்தான். மேலே போகும் பாக்கிக்கு, இரண்டு சாதாரண சுவிட்சுகளைத் தொடராக இணைத்தால் போதும். இரண்டும் போட்டிருந்தால் மட்டுமே எரியும். கூட்டல் இயந்திரத்தின் பாதி உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இப்படி ‘இரண்டும்’, ‘ஏதாவது ஒன்று’ என்று பேசும் தர்க்கக் கணிதத்தை ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்டுவிட்டார். மின்சாரமே போட்டு அணைக்கும் சுவிட்சான தந்தி ரிலேயும் அப்போதே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க 1930-கள் வரை ஏறக்குறைய யாருக்கும் தோன்றாதது பெட்சால்டுக்கும் ஆச்சரியம்தான்.

விஞ்ஞானிகள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று தெரிந்துகொள்ள, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் ‘ஜீன் மெஷின்’ (2018). இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, உயிரியலுக்காக மறுபடி மாணவராகச் சேர்ந்தவர். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டுபிடிக்க நடந்த பந்தயத்தில் இருந்த பொறாமை, பயம், பரிசு ஆசை எதையும், தன்னுடையது உட்பட, அவர் மூடி மறைக்கவில்லை. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும் ஜேம்ஸ் வாட்சனின் ‘டபுள் ஹெலிக்ஸ்’ இதே வகையில் இன்னும் விறுவிறுப்பானது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்ட விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளினை அதில் நடத்திய விதம் அசிங்கம். படித்தால், பிரெண்டா மேடாக்ஸ் எழுதிய ஃபிராங்க்ளினின் வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஃபாரடேயும் டார்வினும் காப்புரிமை தாண்டியவர்கள். ஆங்கில மூலங்கள் இணையத்தில் இலவசம். மற்றவற்றுக்குச் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று தொடங்கலாம். ஊர் நூலகத்தில் இல்லை என்றால் வாங்கச் சொல்லிக் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நம்மிடம் வசூலிக்கிறார்கள்.