உடம்பு சொல்லும் சாட்சி

சென்னை நகரிலிருந்து முதல் ரயில் வண்டி புறப்பட்டது 1856-ம் வருஷத்தில். அதற்கு முன்னரே, முந்நூறு நானூறு மைலுக்கு அப்பாலிருந்துங்கூடக் குடியானவர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். கோயில் குளம் பார்ப்பதற்கல்ல. தங்கள் விரல்களுக்கும் முதுகுக்கும் நேர்ந்ததை எடுத்துச் சொல்வதற்காக. அதைக் கேட்பதற்கென்று ஒரு கமிஷன் உட்கார்ந்திருந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று துரைமார்கள் அதன் அங்கத்தினர்கள். நேரில் வந்து முறையிட்டவர்கள் 519 பேர். கடிதம் எழுதியவர்கள் 1,440 பேர். ஆக 1,959 புகார்கள். 1855 ஏப்ரல் 16-ந் தேதியிட்ட அவர்களுடைய அறிக்கை, சென்னை ராஜதானியில் நிலவரி வசூலுக்காகவும், போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாகவே நடந்து வருகிறது என்று ஒப்புக்கொண்டது.

இந்தக் கமிஷன் தானாக வரவில்லை. 1852-ல் மதராஸ் நேடிவ் அஸோஸியேஷனை ஸ்தாபித்த கஜுலு லக்ஷ்மிநரசு செட்டியாரும் அவருடைய சகாக்களும் விடாமல் எழுதிய விண்ணப்பங்களும், 1853-ல் இங்கு வந்து ஜில்லாக்களைச் சுற்றிப் பார்த்த டான்பி ஸீமர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் மறு வருஷம் காமன்ஸ் சபையில் எழுப்பிய கூச்சலும் சேர்ந்துதான் அதை வரவழைத்தன. சரித்திரப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நமக்கு ஒரு மனக்குறை. சிப்பாய்க் கலகத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கும் பாடப் புத்தகங்கள் இந்த 1,959 பேரை ஒரு வரியிலும் நினைப்பதில்லை. ஆனால் லண்டனில் உட்கார்ந்திருந்த காரல் மார்க்ஸ் அவர்களைக் கவனித்தார். 1857 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தச் சித்திரவதைகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்.

அறிக்கையில் அடிக்கடி வரும் பெயர்கள் இரண்டு: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது எலுமிச்சம்பழம் பிழியும் கருவியைப் போன்ற இரு மரக்கட்டை. அதனிடையே கையையோ காதையோ வைத்து நெருக்குவார்கள். கட்டை கிடைக்காத இடத்தில், விரல்களைக் கோக்கச் சொல்லிச் சேவகர்கள் தங்கள் கைகளாலேயே நெரிப்பார்கள். அண்ணாந்தாளுக்குக் கருவியே வேண்டாம். மனிதனுடைய மேல் வேஷ்டியைக் கழுத்திலும் கால் பெருவிரலிலும் மாட்டிக் குனிந்தபடியே கட்டி வெயிலில் நிறுத்திவிட்டால் போதும். சில வேளை முதுகின்மேல் ஒரு கல்லும் ஏற்றுவார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களும் கோதண்டத்தோடு அண்ணாந்தாளையும் ஒரு தண்டனையாக வைத்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது, நம் தொழிலின்மேல் உள்ள பட்சபாதமாகிவிடும்.

கமிஷன் கடைசியில் எழுதிய தீர்ப்பு ஒன்று விசித்திரமானது. ஜனங்கள் அழுவது சுதேசிச் சிப்பந்திகளின் கொடுமையைக் குறித்தே தவிர, ஐரோப்பிய அதிகாரிகளைக் குறித்தல்ல என்றார்கள். விரலை நெரித்தவன் நம்மவன்தான், மறுக்கவில்லை. ஆனால் கிஸ்தித் தொகையை நிர்ணயித்தவர் யார்? வசூல் குறைந்தபோது தாசில்தாரைக் கேள்வி கேட்டவர் யார்? அறிக்கை இந்த வாசலுக்கு வந்து திரும்பிப் போய்விடுகிறது.

ஆயினும் பலன் இல்லாமற் போகவில்லை. ரெவினியூ இலாகாவிலிருந்து போலீஸைப் பிரித்து 1859-ல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸாரிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு விரோதமாக உபயோகிக்கக் கூடாது என்ற விதி 1861-ல் பிறந்தது. அதுவே 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 23-வது பிரிவாக இருக்கிறது.

இந்த விதி வாக்குமூலத்தைத் தடுக்கிறது. அடியை நிரூபிக்க உதவுவதில்லை. கிட்டியை எடுத்த பத்தாம் நாள் கையில் என்ன தெரியும்? வீக்கம் வடிந்திருக்கும். இரத்தக்கட்டு நீலமாகிப் பச்சையாகி மஞ்சளாகி மறையத் தொடங்கியிருக்கும். நிறத்தை வைத்து நாள் கணக்கிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நம்பத்தக்கதல்ல என்பதே இன்றைய வைத்தியர்களின் முடிவு. தோலின் நிறமும் அடியின் ஆழமும் கணக்கைக் குழப்பிவிடும். நானூறு மைல் கடந்து வந்த குடியானவனுடைய உடம்பு, வரும் வழியிலேயே தன் சாட்சியத்தை இழந்துகொண்டு வந்தது. அடிப்பவர்களும் இதை நன்றாக அறிவார்கள். தடம் விடாத முறைகளை அவர்கள் தேடிப் போவது அதனால்தான்.

தடம் விடாத அடியையும் உடம்பிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லத் துருக்கி தேசத்துக்குப் போகவேண்டும். அங்கே கிஸில்டெப்பே என்ற ஊரில் ஸெக்கி அக்ஸாய் என்ற உலோகத் தொழிலாளியை, கலகக்காரர்களுக்கு உதவினார் என்ற சந்தேகத்தின்பேரில் 1992 நவம்பரில் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கைகளைப் பின்புறமாகக் கட்டி, கட்டிய கைகளாலேயே அவரைத் தொங்கவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து விடுதலைக்கு முன் அவரைப் பார்த்த டாக்டர், அடித்த அடையாளம் ஏதும் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று டாக்டர் கேட்டதாகவும், பக்கத்தில் நின்ற போலீஸ்காரரே 'விபத்து' என்று பதில் சொன்னதாகவும் அக்ஸாய் பிற்பாடு கூறினார். ஐந்து நாள் சென்று, டிசம்பர் 15-ந் தேதி, அவர் டிக்லே சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே எழுதப்பட்டது வேறு: இரண்டு கைகளிலும் ரேடியல் நரம்பு செயலிழந்திருக்கிறது. தோளிலிருந்து தொங்கவிட்டால் நேரக்கூடியது அது. மாதக் கடைசியில், ஆஸ்பத்திரியார் முறைப்படி அனுப்புமுன்பே, தம்முடைய வைத்தியக் குறிப்புக் கட்டையும் எடுத்துக்கொண்டு அக்ஸாய் வெளியேறிவிட்டார்.

அந்தக் கட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டின் வழக்கில் முக்கிய சாட்சியமாயிற்று. வழக்கு நடக்கையில், 1994 ஏப்ரலில், அக்ஸாய் சுட்டுக் கொல்லப்பட்டார். தகப்பனார் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். 1996 டிசம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒருவன் நல்ல உடம்போடு போலீஸ் காவலுக்குள் போய்க் காயத்தோடு வெளியே வந்தால், அந்தக் காயம் எப்படி வந்தது என்று ஸர்க்கார்தான் விளக்கம் சொல்லவேண்டும் என்றது கோர்ட்டு. ஒரு தேசத்தின்மேல் சித்திரவதைக் குற்றம் ருசுவானதாக அந்தக் கோர்ட்டு கூறியது அதுவே முதல் தடவை.

துருக்கி வைத்தியர்களே பின்னர் முன்னின்றார்கள். பதினைந்து தேசங்களைச் சேர்ந்த எழுபத்தைந்துக்கு மேற்பட்ட நிபுணர்கள் மூன்று வருஷம் உழைத்து ஒரு கைநூலைத் தயாரித்து, 1999 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுத்தார்கள். அதற்கு இஸ்தான்புல் விதிமுறை என்று பெயர். 2022-ல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது.

முதலில் போலீஸார் அறைக்கு வெளியே போகவேண்டும் என்கிறது அந்நூல். விலங்கை அவிழ்க்கவேண்டும். நடந்ததை அந்த மனிதனே தன் வார்த்தையில் சொல்லவேண்டும். டாக்டர் வாயில் சொல் ஊட்டக் கூடாது. பிறகு தலை முதல் கால் வரை பார்த்து, முன்புறமும் பின்புறமும் வரைந்த மனித உருவப் படத்தில் ஒவ்வொரு காயத்தின் இடம், நீளம், அகலம், நிறம் எல்லாவற்றையும் குறிக்கவேண்டும்; அளவுகோலை அருகில் வைத்துப் படம் பிடிக்கவேண்டும். சிகரெட் சுட்ட வடு பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக, நடுவில் வெளுத்தும் ஓரத்தில் கறுத்தும் இருக்கும். இரு காதிலும் ஒரே சமயத்தில் அறைந்தால் செவிப்பறை கிழியலாம். அதைப் பார்க்கக் காதுக்குள் விளக்குப் பிடிக்கவேண்டும். உள்ளங்காலில் அடிப்பதைத் துருக்கியில் பலாகா என்பார்கள். மேலே வீக்கம் வற்றிப் போனாலும், எலும்பிலுள்ள சேதத்தை ஸ்கான் பரிக்ஷை சில வேளை காட்டிக்கொடுக்கும்.

காயத்துக்கும் அவன் சொல்லும் கதைக்கும் உள்ள சம்பந்தத்தை ஐந்து படியாகப் பிரித்திருப்பதே நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. பொருந்தவில்லை, பொருந்தும், ஆனால் வேறு காரணங்களும் பல உண்டு, மிகவும் பொருந்தும், வேறு காரணங்கள் சிலவே, இவ்வகை அடிக்கே வழக்கமான தோற்றம், வேறு எவ்விதத்திலும் நேர்ந்திருக்க முடியாது. இந்தத் தராசில் டாக்டர் யாருக்கும் வக்கீலல்ல. பொய்ப் புகாரும் இதில் நிறுக்கப்படும். அடையாளம் இல்லை என்பதால் சித்திரவதை நடக்கவில்லை என்று எழுதக் கூடாது என்றும் நூல் கண்டிப்பாகச் சொல்கிறது. தூக்கமின்மை, திடுக்கிடல், மறதி முதலிய மனக்காயங்களுக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் தீர்ப்பு வந்த அதே 1996 டிசம்பர் 18-ந் தேதி, நமது சுப்ரீம் கோர்ட்டும் டி. கே. பாஸு வழக்கில் தீர்ப்புக் கூறியது தற்செயலான ஒற்றுமைதான். வங்காளத்தில் ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்துவந்த பாஸு, 1986-ல் எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டிருந்தது. கைதானவர் விரும்பினால் அவர் உடம்பிலுள்ள சிறிய காயத்தையும் குறித்து இரு தரப்பாரும் கையெழுத்திடவேண்டும். காவலில் உள்ளவரை நாற்பத்தெட்டு மணிக்கொரு முறை டாக்டர் பார்க்கவேண்டும் என்று கோர்ட்டு கட்டளையிட்டது. மறு வருஷம் சித்திரவதைக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. அதை ஊர்ஜிதம் செய்யாமலே வருஷங்கள் ஓடிவிட்டன. 2010-ல் லோக சபையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

கட்டளை இருந்தும் டாக்டரின் பேனா எப்படி ஓடும் என்பதைச் சாத்தான்குளம் காட்டிற்று. ஊரடங்குக் காலத்தில், 2020 ஜூன் 19-ந் தேதி, கடை நேரத்தைப் பற்றிய விவகாரத்தில் ஒரு தகப்பனாரையும் மகனையும் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். மறுநாள் அரசாங்க டாக்டர் ஒருவர் இருவரும் சிறைக்கு அனுப்பத் தக்க நிலையில் இருப்பதாகச் சான்று கொடுத்தார். இரத்தத்தில் நனைந்த வேஷ்டிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற நேர்ந்ததாக உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். 22-ந் தேதி இரவு மகனும், 23-ந் தேதி காலை தகப்பனாரும் இறந்தார்கள். உயிருள்ள உடம்பில் எழுதப்படாத காயங்கள் பிரேதப் பரிசோதனையில் எழுதப்பட்டன.

நேயர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். பாரதீய நாகரிக் சுரக்ஷா சங்கிதையின் 53-வது பிரிவின்படி, கைதான ஒவ்வொருவரையும் ஸர்க்கார் டாக்டர், அவர் இல்லாவிடில் ரிஜிஸ்தரான வேறு டாக்டர், தாமதமின்றிப் பரிசோதிக்கவேண்டும். பெண்ணாயின் பெண் டாக்டரே பார்க்கவேண்டும், அல்லது அவருடைய மேற்பார்வையில் நடக்கவேண்டும். காயங்களையும் அவை உத்தேசமாக எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் எழுதவேண்டும். அந்த அறிக்கையின் நகல் ஒன்றைக் கைதானவருக்கோ, அவர் பெயர் குறிப்பிடும் ஒருவருக்கோ டாக்டரே கொடுக்கவேண்டும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கவலையோடு காத்து நிற்கும் தாயாரோ தமையனாரோ, தம் பெயரைக் குறிப்பிடும்படி உள்ளே இருப்பவருக்கு வக்கீல் மூலம் சொல்லியனுப்பி, அந்த நகலைக் கேட்டு வாங்கலாம்.