படம் வரையுமுன் கேள்வி கேளுங்கள்!
"யு.எக்ஸ்." வேலைக்கு நடக்கும் வெள்ளைப் பலகைத் தேர்வு

எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நம்மவர்களுக்குப் பழகியவை. பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் "யு.எக்ஸ். டிசைனர்" வேலைக்குப் போகும் இளைஞர்கள் இன்னொரு தேர்வையும் தாண்டவேண்டியிருக்கிறது. அதுதான் வெள்ளைப் பலகைத் தேர்வு. திறமை இருந்தும் பலர் தடுமாறி விழுவது இங்கேதான்.

"யூசர் எக்ஸ்பீரியன்ஸ்" என்பதன் சுருக்கமே யு.எக்ஸ். ஒரு கருவியையோ செல்போன் செயலியையோ பயன்படுத்துபவர், சிரமமில்லாமல் தம் காரியத்தை முடித்துக்கொள்ளும்படி அதை அமைப்பதே இந்தத் தொழில். கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று ஒருவர் திகைத்தால் குற்றம் கதவை அமைத்தவருடையது என்று அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988-ல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். இந்தத் தொழிலின் அடிப்படையே அந்தக் கருத்துதான்.

என்ன நடக்கும்?

ஓர் அறை. சுவரில் வெள்ளைப் பலகை. கையில் மார்க்கர் பேனா. எதிரே தேர்வாளர்கள். கேள்வி ஒன்றுதான். நேரம் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி வரை. வீட்டிலிருந்தே எழுதும் தேர்வானால், கம்ப்யூட்டர் திரையே பலகை.

"ரயில் நிலையத்தில் உள்ள டிக்கெட் இயந்திரத்தைத் திருத்தி அமையுங்கள்" என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் பலர் பலகைக்கு ஓடிப்போய் கட்டம் கட்டமாகத் திரை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். பாதித் தேர்வு அப்போதே கை நழுவிவிடுகிறது!

யாருக்காக?

முதலில் கேட்கவேண்டியது, "இது யாருக்காக?" என்பதே. கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து திரும்புவோர் பலர். அவர்களில் ஒருவர் டிக்கெட் வாங்கும்போது ரயில் புறப்பட நாலு நிமிஷம்தான் இருக்கும். அவருக்குத் தேவை வேகம். மொழி தெரியாத ஊரில் முதன்முறை இறங்கிய தொழிலாளிக்குத் தேவை, தான் தொடுவது சரியான பொத்தான்தான் என்ற தைரியம். இருவருக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் சொல்லவேண்டும். விவரம் கிடைக்காத இடத்தில், "இப்படி எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, பலகையின் ஓரத்தில் எழுதிவிடலாம்.

நேரத்தைப் பிரித்தல்

45 நிமிஷம் கொடுத்தால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் 10 நிமிஷம் கேள்விகள். அடுத்த 10 நிமிஷம், அந்த மனிதர் இயந்திரத்தின் முன் வந்து நிற்பது முதல் டிக்கெட்டுடன் நகர்வது வரை ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதுவது. பிறகு 15 நிமிஷம், அதிகம் இடறும் இடங்களுக்கு மட்டும் திரை வரைவது. கடைசி 10 நிமிஷம், வரைந்ததைச் சோதிப்பது.

ஊர்ப் பெயரை எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? பணம் போய் டிக்கெட் வராவிட்டால் எங்கே போவார்? புதிய அமைப்பு பயன்பட்டதா என்று எப்படி அறிவது? டிக்கெட் எடுக்க ஆகும் நேரம் குறைந்ததா, பாதியில் விட்டுவிட்டுக் கவுண்டர் வரிசைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கலாம். தேர்வாளர்கள் கேட்குமுன் இவற்றைத் தாமே எழுப்புகிறவருக்கு மதிப்பு கூடும்.

வாய் திறக்கவேண்டும்

மௌனமாக வரைந்தால், மனதில் ஓடுவது தேர்வாளருக்குத் தெரியாது. எண்ணுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே வரையவேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதே என்று கூசவேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். தேர்வாளர் மறுத்துப் பேசினால் வாதாடவும் வேண்டாம், உடனே பணிந்துவிடவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லி, அவர் சொல்வது சரியானால் மாற்றிக்கொள்வதே முறை. படத்தின் அழகுக்கு இங்கே முதலிடம் கிடையாது.

அகமதாபாத்தில் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் போன்ற இடங்களில் படித்தவர்களுக்குப் பயிற்சி அதிகம் என்பது உண்மை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களும், தாயாருக்காக வங்கிச் சலான் நிரப்பிக் கொடுத்தவர்களும் ஜனங்களின் கஷ்டத்தை நேரில் அறிந்தவர்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் அந்த அனுபவம் நிறைய இருக்கிறது. அதை வார்த்தையில் வடிக்கப் பழகாததால்தான் நல்ல வேலைகள் கைவிட்டுப் போகின்றன.

பழகுவதற்குச் செலவே இல்லை. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். தினம் ஒரு கேள்வி: இன்று பஸ் பாஸ், நாளை பணம் எடுக்கும் இயந்திரம். அண்ணனோ தோழியோ தேர்வாளராக உட்காரட்டும். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம். இரண்டு வாரம் விடாமல் செய்தால், பலகையைக் கண்ட பயம் தெளிந்துவிடும்.