பெட்ரோலா, டீசலா? தில்லியின் கணக்கும் செம்பூர் சாலையும்

நமது சிறப்பு நிருபர்

புதுதில்லி: மும்பை செம்பூரில் கார் வாங்க முனையும் தமிழ்க் குடும்பத்தினர் விற்பனைக்கூடத்தில் முதலில் கேட்கும் கேள்வி "பெட்ரோலா, டீசலா?" என்பதாகும். இரண்டாவது கேள்வி, வண்டி பள்ளத்தைத் தாங்குமா என்பது. இவற்றில் முதல் கேள்விக்கான விடை கடந்த 20 ஆண்டுகளில் தில்லியில் பலமுறை மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கான விடையை மும்பையின் மழைக்காலம் ஆண்டுதோறும் எழுதுகிறது.

கார் என்பது செம்பூருக்குப் புதிதல்ல. மும்பையின் கருப்பு-மஞ்சள் டாக்ஸியாகப் புகழ்பெற்ற பிரீமியர் பத்மினி உருவானது பக்கத்திலுள்ள குர்லா தொழிற்சாலையில்தான். செம்பூரை ஒட்டிய மாகுலில் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்ட இரு சுத்திகரிப்பு ஆலைகள் இன்று ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் நிறுவனங்களின் வசம் உள்ளன. வீட்டுக்கு அருகிலேயே எரிபொருள் தயாராகிறது என்பதற்காக விலை குறைந்துவிடவில்லை. மகாராஷ்டிர அரசு 2024 ஜூலையில் மும்பைப் பகுதியில் மதிப்புக் கூட்டு வரியை பெட்ரோலுக்கு 26 சதவீதத்தில் இருந்து 25 ஆகவும், டீசலுக்கு 24-ல் இருந்து 21 ஆகவும் குறைத்தது. அதன் பிறகும் 2025-இல் மும்பையில் பெட்ரோல் லிட்டர் சுமார் ரூ.103.50-க்கும், டீசல் சுமார் ரூ.90-க்கும் விற்கப்பட்டது.

மானியம் சென்ற இடம்

பெட்ரோல் மீதான விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2010 ஜூனில் நீக்கியது. டீசலில் கை வைக்க அப்போது துணியவில்லை. விவசாயி, பேருந்து, லாரி ஆகியோரைக் காக்கவே டீசல் விலை கட்டுக்குள் வைக்கப்படுகிறது என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. 2012 மே இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் ரூ.73.18; டீசல் ரூ.40.91. வித்தியாசம் 32 ரூபாய்க்கும் மேல்.

இந்த வித்தியாசத்தை முதலில் பயன்படுத்திக் கொண்டவர்களில் கார் வாங்குவோரும் அடங்குவர். 2012-13-இல் விற்பனையான பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் அதிகமானவை டீசல் வண்டிகள். ஏழை விவசாயியின் பெயரால் கொடுக்கப்பட்ட மானியம் மாநகரக் காரின் தொட்டியில் நிரம்பியது. இதை முன்கூட்டியே உணர்ந்த கிரீத் பாரிக் குழு, டீசல் கார்களுக்கு ரூ.80 ஆயிரம் கூடுதல் கலால் வரி விதிக்கலாம் என்று 2010-இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏட்டிலேயே நின்றுவிட்டது.

2012 செப்டம்பரில் டீசல் விலை லிட்டருக்கு 5 ரூபாய் உயர்த்தப்பட்டபோது, அதையும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டையும் எதிர்த்து மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை திரிணமூல் காங்கிரஸ் விலக்கிக் கொண்டது. கூட்டணியில் இருந்த தி.மு.க.வும் செப்டம்பர் 20-ஆம் தேதி நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தை ஆதரித்தது. 2013 ஜனவரி முதல் சிறுகச் சிறுக ஏற்றப்பட்ட டீசல் விலை, 2014 அக்டோபரில் முற்றிலும் சந்தையின் கைக்குச் சென்றது. 2020 ஜூன் 24-ஆம் தேதி தில்லியில் டீசல் விலை பெட்ரோலையே முந்தியது. மலிவு எரிபொருளை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து டீசல் கார் வாங்கியவர்களின் கணக்கு பொய்த்தது.

புகையும் நீதிமன்றமும்

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் அறிவித்தது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உரத் தொழிற்சாலைக்கும் நடுவே வாழும் செம்பூர்வாசிகளுக்கு இது வெறும் தகவல் அல்ல. அன்றாடம் சுவாசிக்கும் காற்றைப் பற்றியது.

10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தில்லி சாலைகளில் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெட்ரோல் வாகனங்களுக்கு வரம்பு 15 ஆண்டுகள். வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் கூறிய அதே நீதிமன்றம், டிசம்பரில் அப்பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்திலான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது.

இது தில்லிக்கு மட்டுமான விவகாரம் என்று மும்பைவாசிகள் ஒதுக்கிவிட முடியாது. பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்குவது சாத்தியமா என்று ஆராயுமாறு 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் கூறியதை அடுத்து, மகாராஷ்டிர அரசு 7 பேர் கொண்ட குழுவை அமைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

ஓர் எடுத்துக்காட்டு. ஒரே காரின் டீசல் வகை பெட்ரோல் வகையைவிட ரூ.1.25 லட்சம் கூடுதல் என்று கொள்வோம். நகரப் போக்குவரத்தில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ., டீசல் வண்டி 19 கி.மீ. தருவதாக வைத்துக் கொண்டால், மேற்கண்ட மும்பை விலையில் ஒரு கி.மீ.க்கு சுமார் 2 ரூபாய் 16 காசு மிச்சமாகும். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப ஏறக்குறைய 58 ஆயிரம் கி.மீ. ஓட வேண்டும். ஆண்டுக்கு 20 ஆயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு 3 ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். மின்சார ரயிலில் அலுவலகம் சென்று, வார இறுதியில் மட்டும் காரை எடுத்து ஆண்டுக்கு 8 ஆயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு 7 ஆண்டுகள் பிடிக்கும். நாளை மும்பையிலும் 10 ஆண்டு வரம்பு வந்தால் அவருக்கு மிஞ்சுவது சொற்பமே.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்தபின், டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இடம்பெற்றுள்ளது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் அதில் படியும் கரி எரிந்து வெளியேறும். நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டியில் அது அடைத்துக் கொள்ளும். மாருதி சுஸுகி நிறுவனம் டீசல் கார்களையே அந்த ஆண்டோடு கைவிட்டது.

பெட்ரோலும் குறையற்றதல்ல. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால், அதற்கென வடிவமைக்கப்படாத வண்டிகளில் மைலேஜ் ஓரளவு குறையும் என்பதை 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. சி.என்.ஜி. சிக்கனமானது, ஆனால் உருளை பொருள் வைக்கும் இடத்தை விழுங்கிவிடும், பின்பக்க எடையும் கூடும்.

பள்ளம் பார்த்து வாங்குங்கள்

சஸ்பென்ஷனைத் தனியே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலான கார்களில் இல்லை; மாடலோடு சேர்ந்தே வரும். பழைய பத்மினியிலும் அம்பாசடரிலும் பின்பக்கம் இருந்தது இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். பாரம் தாங்கும், ஆள் குறைந்தால் குலுக்கும். மஹிந்திரா பொலேரோவில் அது இன்றும் தொடர்கிறது. சிறிய கார்களில் பெரும்பாலும் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் அமைப்புதான். விலை குறைவு, பழுதும் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சி மறுசக்கரத்தையும் எட்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்து இயங்கும் மல்டி-லிங்க் அமைப்பு சொகுசானது. விலையும் பராமரிப்புச் செலவும் அதிகம்.

டீசல் என்ஜின் எடை மிகுந்தது என்பதால், அதே காரின் டீசல் வகையில் முன்பக்க ஸ்பிரிங் பொதுவாக இறுக்கமாக இருக்கும். விலை உயர்ந்த வகைகளில் வரும் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் கண்ணுக்கு அழகு, இடுப்புக்கு வலி. எனவே சோதனை ஓட்டத்தை வழவழப்பான ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் மட்டும் முடித்துக் கொள்ளாமல், வீட்டுப் பெரியவர்களைப் பின்னிருக்கையில் அமர்த்தி, பள்ளம் நிறைந்த உட்சாலையிலும் ஓட்டிப் பார்ப்பதே நல்லது. சாலைப் பள்ளத்தால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு ரூ.6 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நிலைமையின் தீவிரத்தைக் காட்டும்.

அரசு சொல்ல வேண்டியது

2006-07 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய காருக்கு வகுத்த இலக்கணம் 4 மீட்டர் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. என்பது. நிர்மலா சீதாராமன் தலைமையிலான ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான வரியை 18 சதவீதமாகக் குறைத்தபோதும் அதே இலக்கணமே பின்பற்றப்பட்டது. ஒருபுறம் நீதிமன்றங்கள் டீசலுக்கு ஆயுளைக் குறைக்க, மறுபுறம் வரி விதி அதற்கு 300 சி.சி. சலுகை தருகிறது.

செம்பூரில் நகருக்குள் மட்டும் கார் ஓட்டுபவருக்கு இன்று பெட்ரோலோ சி.என்.ஜி.யோதான் ஏற்றது. மாதந்தோறும் புணே, கோலாப்பூர் என்று நெடுஞ்சாலையில் செல்பவருக்கே டீசல் கட்டுப்படியாகும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் வண்டி எத்தனை ஆண்டு சாலையில் ஓட அனுமதிக்கப்படும் என்பதைப் பதிவுச் சான்றிதழ் வழங்கும் நாளிலேயே அரசு உறுதியாகச் சொல்ல வேண்டும். பின்னர் விதி மாறினால் இழப்பீடு உண்டா என்பதையும் அன்றே சட்டம் தெளிவுபடுத்த வேண்டும். நாடாளுமன்றத்தில் மும்பை உறுப்பினர்களும் தமிழக உறுப்பினர்களும் சேர்ந்து எழுப்பத்தக்க கேள்வி இது.